பேஸர் போய் 195 வந்தது: கேள்வி பதில்

வட இங்கிலாந்தின் உள்ளூர்த் தடங்களில் பேஸர் என்ற பழைய டீசல் ரயில்களுக்குப் பதிலாக, 2019 ஜூலையில் கிளாஸ் 195 என்ற புது டீசல் ரயில்கள் ஓடத் தொடங்கின. அவற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கே: பழைய பேஸரை எல்லாரும் "பஸ்" என்று கிண்டல் செய்வது ஏன் சார்?

ப: கிண்டல் இல்லை, பாதி நிஜம். 1980களில் ரயில்வேயின் கையில் காசில்லாத நேரம். லேலண்ட் நேஷனல் பஸ்ஸின் பாகங்களை வைத்துப் பெட்டி கட்டி, சரக்கு வேகன் போல நாலு சக்கரத்தில் உட்கார வைத்தார்கள். சாதாரணப் பெட்டிக்கு அடியில் இரண்டு முனையிலும் போகி, அதாவது சக்கரங்களைத் தாங்கும் தனிச் சட்டகம் இருக்கும், வளைவில் அது தனியாகத் திரும்பிக்கொடுக்கும். பேஸருக்கு 9 மீட்டர் இடைவெளியில் இரண்டே அச்சு, திரும்ப வழியில்லை. சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசிக் கிளம்பும் கீச்சொலியில் பக்கத்துச் சீட்டுக்காரர் பேசுவது கேட்காது. இருபது வருஷம் தாங்கினால் போதும் என்று செய்த வண்டி, முப்பதைத் தாண்டி ஓடியது.

கே: பயணிகள் திட்டியதால்தான் எடுத்தார்களா அண்ணா?

ப: திட்டு பல வருஷமாக இருந்ததுதான். ஆனால் அசைத்தது சட்டம். மாற்றுத்திறனாளிகள் ஏறி இறங்க வசதியில்லாத வண்டி 2020 முதல் ஓடக்கூடாது என்று விதி. அதற்கும் விலக்கு வாங்கி, அந்த வருஷம் நவம்பர் வரை இந்தப் பகுதியில் இழுத்தார்கள். அப்புறம் பிராட்ஃபோர்டில் ஒரு பள்ளிக்குப் பேஸர் பெட்டி ஒன்று அறிவியல் கூடமாகப் போனது. ஓடியபோது கிடைக்காத மரியாதை!

கே: 195இல் எத்தனை எஞ்சின்?

ப: பெட்டிக்கு ஒன்று, தரைக்கு அடியில், 523 குதிரைத்திறன். ஒன்று படுத்தாலும் மற்றது வண்டியை இழுத்துப்போகும். இரண்டு பெட்டி வண்டி 25, மூன்று பெட்டி வண்டி 33. ஸ்பெயினின் சிஏஎஃப் நிறுவனத் தயாரிப்பு. வேகம் மணிக்கு 160 கி.மீ.; பேஸருக்கு 120.

கே: கிளம்பும்போது கியர் மாறுகிற மாதிரி சத்தம் வருகிறதே?

ப: கியரேதான். நம்மூர் டெமு ரயிலில் டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும், அந்த மின்சாரத்தில் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். 195இல் பஸ் போலவே கியர்பாக்ஸ்.

கே: இந்தக் காலத்தில் போய் ஏன் டீசல்?

ப: எனக்கும் அதுதான் வருத்தம். மான்செஸ்டரிலிருந்து விண்டர்மியர் போகும் வண்டியைப் பாருங்கள். வழியில் ஆக்ஸன்ஹோம் நிலையம் வரை தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறது. கடைசி 16 கி.மீ. கிளைப் பாதையில் இல்லை. அதையும் மின்மயமாக்குவதாக 2013இல் அறிவித்து, 2017இல் கைவிட்டார்கள். அந்தத் துண்டுக்காக மொத்த வழியும் கம்பிக்கு அடியில் டீசல் எரிகிறது. வண்டி நல்ல வண்டி, குறை பாதையில்.

கே: பேஸரில் ஒருமுறை ஏறிப் பார்க்க முடியுமா?

ப: பழைய ரயில்களை ஓட்டும் பாரம்பரியத் தடங்கள் சிலவற்றில் முடியும். சரி, ஒரு யோசனை: சக்கரத்துக்கு நேர் மேலே உட்காராதீர்கள்.