மாலை மையத்தில் மற்ற பிள்ளைகளைத் தள்ளிவிடும் பையன்

வணக்கம் சகோதரி. இல்லம் தேடிக் கல்வி மையத்துக்கு வந்ததுமே இரண்டாம் வகுப்புப் பையன் மற்றவர்களைத் தள்ளிவிடுகிறான், பெற்றோரிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம், பாவம், வீட்டில் அடிதான் விழும். அவன் கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்று முதலில் கேளுங்கள். மதியச் சத்துணவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் 5 மணிக்கு வரும் பிள்ளையின் பசி கோபமாகத்தான் வெளிவரும். ஒரு கை அவித்த சுண்டல் கொடுத்துப் பாருங்கள். பகல் முழுக்க வகுப்பறையில் இருந்தவர்களை வந்ததும் பாயில் உட்கார வைக்காதீர்கள். முதல் கால் மணி நேரம் நொண்டியோ கல்லா மண்ணாவோ ஆடட்டும். பிறகு நோட்டுகளை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அவனிடமே விடுங்கள். அப்படியும் தள்ளினால் எல்லோர் முன்னாலும் திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுங்கள். இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் அவன் அம்மாவைப் பார்த்து, இரவில் நன்றாகத் தூங்குகிறானா என்று விசாரியுங்கள்.