மணலும் திரவமா என்று கேட்கும் மகனுக்கு

வணக்கம் சகோதரி. மணலைச் செம்பில் ஊற்றினால் செம்பின் வடிவம் எடுக்கிறதே, அதுவும் திரவம்தானே என்று உங்கள் இரண்டாம் வகுப்பு மகன் கேட்டது அருமையான கேள்வி. அதட்டிவிடாதீர்கள். குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகும்போது படித்துறையில் ஒரு கை காய்ந்த மணலைக் கொட்டச் சொல்லுங்கள். கூம்பாகக் குவிந்து நிற்கும். அப்புறம் ஒரு கை தாமிரபரணித் தண்ணீர். அது பரவி ஓடிவிடும். பிறகு ஒரே ஒரு மணற்பரலை லென்ஸில் காட்டுங்கள். எந்தப் பாத்திரத்தில் போட்டாலும் அதன் வடிவம் மாறாது. அப்போ அது திடம்தான்.

உருகுவதைக் காட்டத் தேங்காய் எண்ணெய் போதும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நம்ம ஊர் வெயிலுக்கு ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். உறைந்ததை அவன் உள்ளங்கையில் வையுங்கள், உடம்புச் சூட்டிலேயே உருகும். கருப்பட்டியைத் தண்ணீரில் போட்டுக் காட்ட வேண்டாம். அது கரைவது, உருகுவதல்ல, பிள்ளை குழம்பிவிடும்.