தொட்டியிலிருந்து கடலுக்கு

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கடலோரத்தில் பெருகிவிட்ட சிங்கமீன்களை முக்குளிப்பவர்கள் ஈட்டியால் குத்திக் கொல்லும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். 1992 சூறாவளியில் உடைந்த தொட்டியிலிருந்து தப்பிய மீன்களின் வம்சம் அவை என்கிறார்கள். மன்னார் வளைகுடாவிலும் அம்மீன் உண்டே, இங்கும் ஒழிக்க வேண்டாமா? ஆனால் கொலை என்றால் மனம் ஒப்பவில்லை. வீடு மாறியபோது என் தொட்டி மீன்களையே கொல்ல மனமின்றி முகத்துவாரத்தில் விட்டவன் நான்.

ம.

அன்புள்ள ம.,

மன்னார் வளைகுடாவின் சிங்கமீனைத் தொடாதீர்கள். இந்தியப் பெருங்கடல் அதன் பூர்வீகம். இங்குள்ள மற்ற உயிர்கள் அதோடு சேர்ந்தே காலங்காலமாக வாழ்ந்து வருகின்றன.

சூறாவளிக் கதையைத்தான் என்னால் எளிதில் விட முடியவில்லை. ஆண்ட்ரூ சூறாவளி ஃப்ளோரிடாவைத் தாக்கியது 1992 ஆகஸ்டில். அதே ஃப்ளோரிடாவின் டேனியா கடற்கரைக்கு அப்பால் சிங்கமீன் பிடிபட்டதோ 1985இல். ஏழு ஆண்டுகள் முன்னதாக வந்துவிட்ட மீனுக்குப் புயலைக் காரணம் காட்டுவது, வளர்த்தவருக்கும் விற்றவருக்கும் வசதியான கதை என்பதால்தான் இன்றும் உலவுகிறது. அழகுக்காக வாங்கி, அது தொட்டியிலிருந்த சிறு மீன்களை விழுங்கத் தொடங்கியதும், கொல்ல மனமில்லாமல் கடலில் விட்டவர்களால்தான் இது நேர்ந்திருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் பெரிதும் கருதுகிறார்கள். அவர்களும் உங்களைப் போல இளகிய மனம் கொண்டவர்கள்தாம்.

அந்த இரக்கத்தின் விளைவைப் பாருங்கள். பஹாமாஸ் பவளத்திட்டுகளில் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே ஒரு சிங்கமீன் விடப்பட்ட திட்டுகளில், புதிதாக வந்து சேரும் உள்ளூர் மீன்குஞ்சுகள் 5 வாரங்களில் சராசரியாக 79 சதவீதம் குறைந்துபோயின. துடுப்புகளை அகல விரித்து மெல்ல நெருங்கும் இந்த உருவத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டிராத அந்தக் குஞ்சுகளுக்கு அதைக் கண்டு விலகத் தெரியவில்லை. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் முட்டையிடுகிறது. அவற்றை நீரோட்டம் நெடுந்தொலைவு கொண்டு செல்கிறது. ஈட்டியோடு இறங்குபவர்களால் ஆழம் குறைந்த பகுதிகளைத்தான் காக்க முடியும்; சிங்கமீனோ 300 மீட்டர் ஆழத்திலும் வாழ்கிறது. அவர்கள் செய்வதைக் கொலை என்று எழுதுவதற்கு முன், அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டியவர்கள் யார் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா?

உங்கள் மனத்தின் ஈரத்தை நான் குறை சொல்லவில்லை. அது கைக்கெட்டிய நாலைந்து மீன்களோடு நின்றுவிட்டதே என்றுதான் கோபம் வருகிறது. தொட்டி மீனை வைத்துக்கொள்ள முடியாதபோது கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், அவர் மறுத்தால் தொட்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். முகத்துவாரத்தில் விட்டது என்ன மீன், எந்த ஊரில் என்று நீங்கள் எழுதவில்லை. அதை உடனே எழுதுங்கள்.