31வது கிலோமீட்டரில் கனத்த கால், நடுவில் 18 நாள் பயணம்: அடுத்த மாரத்தானுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: என் முதல் மாரத்தானை 4 மணி 15 நிமிடத்தில் முடிக்க நினைத்தேன். முதல் பாதி 2 மணி 2 நிமிடத்தில் போயிற்று. உடம்பும் நன்றாகவே இருந்தது. 25வது கிலோமீட்டரில் சோர்வு தெரிந்ததும் ஒரு ஜெல் (ஓடும்போது சக்திக்காக எடுக்கும் மாவுச்சத்துக் கூழ்) எடுத்தேன். 31வது கிலோமீட்டரில் கால் கனத்து, ஓட்டமும் நடையுமாக 4 மணி 48 நிமிடத்தில் முடித்தேன். அடுத்த மாரத்தானுக்கு 13 வாரம் இருக்கிறது. 5வது வாரத் தொடக்கத்திலிருந்து 18 நாள் வேலை விஷயமாக வெளிநாடு போக வேண்டும். ஏற்கெனவே பயிற்சி போதவில்லை என்று நினைக்கிறேன். விட்டுப்போகும் ஓட்டங்களை எப்படி ஈடுகட்டுவது? (எடை 70 கிலோ, வாரம் 5 நாள், மொத்தம் 50 கி.மீ. ஓடுகிறேன்.)

பதில்: ஈடுகட்டவே வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன், போன ரேஸில் நடந்ததைப் பார்த்துவிடலாம். நீங்கள் பயிற்சி மேல் பழி போடுகிறீர்கள். உங்கள் எண்கள் வேறு கதை சொல்கின்றன.

4 மணி 15 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 3 விநாடி. நீங்கள் முதல் பாதியை 5:47 வேகத்தில் ஓடியிருக்கிறீர்கள். 16 விநாடிதானே என்று தோன்றும். ஆனால் ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகிறது. 70 கிலோ எடையில் மாரத்தானின் 42.2 கி.மீ.க்கு உங்களுக்கு மொத்தம் சுமார் 2,950. தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்து, தரக்கூடியது தோராயமாக 2,000. மீதி கொழுப்பிலிருந்து வர வேண்டும். கொழுப்பு தாராளமாக இருந்தாலும் அதிலிருந்து சக்தி மெதுவாகத்தான் கிடைக்கும். வேகம் கூடக் கூட உடம்பு கிளைக்கோஜனை அதிகமாக எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டு மணி நேரம் இந்தக் குறைவு காலில் தெரியவே தெரியாது. 30 கி.மீ. தாண்டியதும் ஒரேயடியாகத் தெரியும். ஜெல்லும் தாமதம்தான். சோர்வு வந்த பிறகு எடுப்பதில் பெரிய பலன் இல்லை. 40வது நிமிடம் வாக்கில் தொடங்கி அரை மணிக்கு ஒன்று என்று போயிருக்க வேண்டும். ஒரு ஜெல்லில் 25 கிராம் மாவுச்சத்து என்றால் மணிக்கு 50 கிராம் ஆகிறது. பெரும்பாலானவர்களின் வயிறு அதைப் பழக்கத்தில் ஏற்றுக்கொள்ளும். பழக்கத்தில் என்பதைக் கவனியுங்கள்: அதை லாங் ரன்களில்தான் (பயிற்சியின் நீண்ட தூர ஓட்டங்களில்தான்) பழக்க வேண்டும், ரேஸ் அன்று அல்ல.

சரி, பயணத்துக்கு வருவோம். 1980களின் முற்பாதியில் உடற்பயிற்சி ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் குழுவினர் இதே கேள்வியைச் சோதித்தார்கள். வாரம் 6 நாள், தினம் 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை, வேகத்தைக் குறைக்காமல், வாரம் 2 நாளுக்குக் கொண்டுவந்தார்கள். 15 வாரம் கழித்தும் அவர்களுடைய ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் பெரிதாக இறங்கவில்லை. அடுத்தொரு சோதனையில் நாட்களும் நேரமும் அப்படியே இருக்க, தீவிரத்தை மட்டும் குறைத்தார்கள். அப்போது திறன் இறங்கிவிட்டது. உங்களுக்கு 18 நாள்தான். அளவைக் குறையுங்கள், வேகமான ஓட்டத்தை விடாதீர்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பயணத்தில் தினமும் அரை மணி மெதுவாக ஓடிவிட்டு, பயிற்சி நடந்ததாகத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள்.

வாரம் மூன்று ஓட்டம் போதும். ஒன்று 45 நிமிடம்: 10 நிமிடம் மெதுவாக, அப்புறம் 3 நிமிடம் வேகம், 2 நிமிடம் நிதானம் என்று ஐந்து முறை, கடைசி 10 நிமிடம் மீண்டும் மெதுவாக. வேகம் என்பது இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாத அளவு. இன்னொன்று அரை மணி ஈஸி ரன். மூன்றாவது, நேரம் கிடைக்கும் நாளில் 75 முதல் 90 நிமிடம். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

தங்கும் இடத்து டிரெட்மில் காட்டும் வேகத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி. மூச்சைப் பார்த்து ஓடுங்கள். இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்த மறுநாள் வேகப் பயிற்சி கூடாது. நேர வித்தியாசம் பழக ஒரு மணி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும், கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் சிரமம். வெளியே ஓடுவதானால் முதல் நாள் புதுப் பாதையில் சுற்றாமல், 15 நிமிடம் நேராகப் போய் அதே வழியில் திரும்புங்கள். நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும். வாகனங்கள் வலப்பக்கம் ஓடும் நாடுகளில் அது இடது ஓரம். சாலையைக் கடக்கும்போதுதான் உண்மையான ஆபத்து: நம் கழுத்து பழக்கதோஷத்தில் தவறான பக்கம் முதலில் திரும்பும். அங்கே நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, நடந்தே கடந்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால் ஓட்டமே வேண்டாம்.

திரும்பி வந்த பிறகுதான் பலரும் காயம் வாங்குகிறார்கள். மூச்சு பழையபடி இருக்கும். ஆனால் நீண்ட தூரத்தின் அடியைத் தாங்கும் பழக்கம் தசைநாருக்கும் எலும்புக்கும் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும். எனவே லாங் ரன் 8வது வாரம் 24 கி.மீ., 9வது வாரம் 28, 10வது வாரம் 30 என்று போகட்டும். அதற்குமேல் ஏற்ற வேண்டாம். 11வது வாரம் 20, 12வது வாரம் 14, அப்புறம் ரேஸ். 28, 30 ஓடும் நாட்களில் கடைசி 8 கி.மீ.யை 6:03 வேகத்தில், ஜெல் எடுத்தபடி ஓடிப் பாருங்கள். அந்த வேகம் அப்போதே திணறடித்தால் இலக்கை 4 மணி 25 நிமிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரேஸ் அன்று முதல் 5 கி.மீ. 6:15 வேகத்தில்தான். கூட்டம் உங்களைத் தாண்டிப் போகும், போகட்டும். 6வது கிலோமீட்டரிலிருந்து 6:03க்கு வாருங்கள். அடுத்த சில நிமிடங்களில் முதல் ஜெல்லுக்கு நேரமாகிவிடும். பசியோ சோர்வோ இல்லாவிட்டாலும் எடுத்துவிடுங்கள்.