கேளுங்கள், சொல்கிறோம்: சும்மா பணம் வந்தால் எவன் வேலைக்குப் போவான்?

கேள்வி: வெளிநாட்டில் வேலை போனால் அரசாங்கமே மாதாமாதம் பணம் கொடுக்கிறதாமே? அப்படிக் கொடுத்தால் ஆள் சோம்பேறி ஆகிவிட மாட்டானா? நாட்டின் உற்பத்தி என்ன ஆகும்?
- வாசகர், ஈரோடு

பதில்: கொஞ்சம் தள்ளிப்போடத்தான் செய்வான், அதை மறைப்பானேன். உதவித்தொகை வருகிறவரை வேலை தேடுவதில் ஒரு நிதானம் வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நிதானம் எல்லாம் சோம்பேறித்தனமா?

ராஜ் செட்டி என்று அமெரிக்காவில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 2008-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் ஒரு விஷயத்தைப் பிடித்தார். கம்பெனி வீட்டுக்கு அனுப்பும்போது சிலருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுக்கும் இல்லையா, அது மறுநாளே வேறு வேலை கிடைத்தாலும் கையை விட்டுப் போகாத பணம், அப்படி இருந்தும் அதை வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிடக் கூடுதல் நாள் வேலை தேடியிருக்கிறார்கள். அதாவது சும்மா இருந்தால்தான் காசு என்பதற்காகத் தள்ளிப்போடவில்லை, கையில் காசு இருந்ததால் கிடைத்ததில் போய் விழவில்லை. உதவித்தொகையால் கூடும் நாட்களில் சுமார் 60 சதவீதம் இந்தக் கணக்கில்தான் வருகிறது என்பது அவர் மதிப்பீடு.

சரி, காத்திருந்தால் என்ன லாபம்? எங்கள் தெருவில் ஒருவர் பதினெட்டு வருடம் லேத் பட்டறையில் டர்னர். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தாலும் அவர் கடைந்த ஷாஃப்டில் பிசகு இருக்காது. பட்டறையை மூடினார்கள். அடகில் இருந்த நகைக்கு வட்டி, பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ், இரண்டாவது வாரமே ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. இப்போது கேட்டைத் திறந்து மூடி, வருகிற வண்டி நம்பரை நோட்டில் எழுதுகிறார். அவரை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கைக்கு இதுவா வேலை? உற்பத்தித்திறன் போவது இங்கேதான். இரண்டு மாதம் சமாளிக்கப் பணம் இருந்திருந்தால் வேறொரு பட்டறை கிடைத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்திரியாவில் 40 வயதானவர்களுக்கு உதவித்தொகைக் காலம் 30 வாரத்திலிருந்து 39 வாரமாகக் கூடும். அதை வைத்து ஆராய்ந்ததில், புது வேலை கிடைக்கச் சராசரியாக 2 நாள்தான் கூடுதலாகப் பிடித்தது, சம்பளம் சுமார் அரை சதவீதம் அதிகம். பிரமாதமான தொகை இல்லைதான், ஆனால் குறையவில்லையே!

கேள்வி: நம்மூரிலும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகை தருகிறார்களே?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தருகிறார்கள். பதிந்துவிட்டு 5 வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400. இதை நம்பி எவனும் வேலைக்குப் போகாமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, பஸ் செலவுக்கே பத்தாது. அதோடு இது வேலை கிடைக்காதவர்களுக்கு, நம்ம டர்னர் மாதிரி இருந்த வேலை போனவர்களுக்கு அல்ல.

அவர்களுக்கு இஎஸ்ஐ-யில் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரே முறை. இந்தத் திட்டத்தை அவ்வப்போதுதான் நீட்டிக்கிறார்கள், அதனால் இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டர்னருக்குப் பிடித்ததே இல்லையாம்.