கோல்ஃப் கேள்வி பதில்: பேக்ஸ்விங் தாழ்வாக இருப்பது குறையா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் குளுவாங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கராகப் பணிபுரிகிறேன். தோட்டத்தை ஒட்டிய சிறிய மைதானத்தில் ஞாயிறுதோறும் கோல்ஃப் ஆடி வருகிறேன். என் பேக்ஸ்விங்கில், அதாவது அடிப்பதற்கு முன் மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது, மட்டை தலைக்கு மேல் உயராமல் தோளைச் சுற்றிப் பின்னால் போகிறது. உடன் ஆடும் நண்பர்கள், "உங்கள் ஸ்விங் ரொம்ப ஃபிளாட், கையைத் தூக்குங்கள்" என்கிறார்கள். தூக்கி ஆடினால் பந்து வலப்பக்கம் வளைந்து செம்பனை மரங்களுக்குள் போய்விடுகிறது. பழைய முறையில் ஆடினால், தொலைவுக்கு அடிக்கும் நீள மட்டையான டிரைவரில் பந்து நேராகப் போகிறது. ஆனால் கிட்டத்தில் அடிக்கும் குட்டை மட்டையான வெட்ஜில் அடிக்கும்போது பந்துக்கு முன்பே மண்ணில் இடிக்கிறது. நான் ஸ்விங்கை மாற்றிக்கொள்ள வேண்டுமா?
– வாசகர், குளுவாங்

பதில்: டிரைவர் நேராகப் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அடிப்படையைக் கலைக்க வேண்டாம். வெட்ஜில் உள்ள கோளாற்றைத் தனியாகச் சரிசெய்துகொள்ளலாம். நீங்கள் வலக்கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொண்டு காரணத்தை விளக்குகிறேன்.

பேக்ஸ்விங்கின் உச்சியில் இடது கை எந்தச் சரிவில் இருக்கிறது என்பதைத் தனியாகப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. தோள்கள் எந்தச் சரிவில் திரும்பியிருக்கின்றன என்பதோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்து நிற்பவருக்கு, முதுகெலும்பு சாய்ந்திருப்பதால், தோள்களும் சரிவாகவே திரும்பும். அவருடைய இடது கை மார்பை ஒட்டி அதே சரிவில் போய் நின்றால், கையும் தோளும் ஒரே தளத்தில் அமைந்துவிடுகின்றன. அதன்பின் கையைத் தனியாக இறக்க வேண்டிய வேலை இல்லை, உடல் திரும்பினாலே மட்டை பந்துக்கு வந்து சேரும். நிமிர்ந்து நிற்பவரின் தோள்களோ கிடையாகத் திரும்புகின்றன. அவர் கையையும் தாழ்வாக வைத்தால் மட்டை பந்துக்கு இறங்க வழியில்லாமல் போகிறது. ஆகவே அவர் கையை உயர்த்தித்தான் ஆக வேண்டும். உங்கள் நண்பர்களின் அறிவுரை இந்த இரண்டாம் வகையினருக்குப் பொருந்தும். உங்கள் தோள்களை அப்படியே விட்டுவிட்டுக் கையை மட்டும் உயர்த்தியதால், மட்டை வெளியிலிருந்து உள்ளே செங்குத்தாக வெட்டிக்கொண்டு வந்தது. பந்து ஸ்லைஸ் ஆகி, அதாவது வலப்பக்கம் வளைந்து, செம்பனைக்குள் போனதன் காரணம் அதுதான்.

நம் தோட்டங்களில் பால் எடுக்க ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டுபவரைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டையில் வெட்டுக்கோடு சரிவாக இறங்குகிறது. வெட்டுபவர் கையை மட்டும் நீட்டி இழுப்பதில்லை, கத்தியை அந்தச் சரிவில் வைத்துக்கொண்டு உடலோடு மரத்தைச் சுற்றி நகர்கிறார். கை பிடித்திருக்கிறது, உடல்தான் கத்தியை நடத்துகிறது. ஃபிளாட்டான ஸ்விங்கிலும் வேலையைச் செய்வது உடலின் சுழற்சியே. அதனால்தான் பந்தை அடிக்கும் கணத்தில் இடுப்பு நின்றுவிடுவது இந்த முறைக்குப் பெரும் எதிரி. இடுப்பு நின்றதும் கைகள் மட்டும் முந்திச் சுழன்று பந்தைத் தொடும் மட்டை முகத்தை இடப்பக்கம் திருப்பி மூடிவிடும். பந்து இடப்பக்கம் வளைந்து ஹூக் ஆகும், அல்லது மட்டை முன்பே மண்ணில் விழும்.

ஹூக் என்றதும் அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகனைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபிளாட்டான ஸ்விங்குக்கு அவரைவிடப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கிடையாது. ஆட்ட வாழ்க்கையின் தொடக்கத்தில் ஹூக்கினால் மிகவும் அவதிப்பட்டவர் அவர். பிடியில் இடது கையைச் சற்றே இடப்பக்கம் திருப்பி வைத்து, பேக்ஸ்விங்கின் உச்சியில் இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக வளைத்து, முகம் மூடாமல் பார்த்துக்கொண்டதாக 1955இல் லைஃப் இதழில் அவரே விளக்கினார். அந்த ஸ்விங்கோடுதான் 1953இல் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் ஆகிய மூன்று பெரும் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றார். ஆனால் அவருடைய மணிக்கட்டை நீங்கள் பின்பற்ற வேண்டாம். ஹூக் உள்ளவருக்கான மருந்தை ஸ்லைஸ் உள்ளவர் சாப்பிட்டால் நோய் முற்றும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். ஃபிளாட்டான பேக்ஸ்விங் வேறு, மட்டையைத் தொடக்கத்திலேயே உடலுக்குப் பின்னால் இழுத்துவிடுவது வேறு. பின்னது உண்மையாகவே குறை. மட்டைப் பிடியின் நுனியில் இருக்கும் சிறு துளையில் ஒரு டீயை (பந்தை வைத்து அடிக்கும் சிறு முளையை) செருகுங்கள். இடது கை தரைக்கு இணையாக வரும் இடத்தில் நிறுத்தி, அந்த டீ எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். பந்திலிருந்து இலக்குக்குப் போகும் நேர்க்கோட்டையோ அதற்குச் சற்று அப்பாலையோ காட்டினால் கவலையில்லை. அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் காட்டினால் மட்டை பின்னால் சிக்கிக்கொண்டது என்று பொருள். கீழே வரும்போதும் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மேலே போன வழியிலேயே இறங்குவதுதான் முக்கியம். அமெரிக்காவின் ஜிம் ஃபியூரிக் மட்டையை மிகச் செங்குத்தாகத் தூக்கி, பிறகு தாழ்த்தி இறக்கி, 2003இல் அமெரிக்க ஓப்பனை வென்றார். அது அவருக்குக் கைவந்தது. வாரத்தில் ஒரு நாள் ஆடுபவருக்கு ஒரே வழியில் போய் வருவதே நல்லது.

இனி வெட்ஜ். டிரைவர் ஏறத்தாழ 45 அங்குலம், வெட்ஜ் ஏறத்தாழ 35 அங்குலம். வெட்ஜின் தண்டும் அதிகச் செங்குத்தாக நிற்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே பந்துக்கு நெருங்கி நின்று, இன்னும் சற்றுக் குனிந்தால், வேறு எதையும் மாற்றாமலே ஸ்விங் தானாக நிமிரும். நீங்கள் டிரைவருக்கு நிற்பதுபோலத் தள்ளி நின்று வெட்ஜையும் சுற்றி அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எடையை இடது காலில் வைத்தே தொடங்கி, கைகள் பந்துக்குச் சற்று முன்னால் இருக்கும்படி அடியுங்கள். நம் மலேசிய மைதானங்களில் கௌகிராஸ் என்னும் அகன்ற இலைப் புல்தான் பரவலாக இருக்கிறது. பிற்பகல் மழைக்குப் பிறகு அது நீரைப் பிடித்துக்கொண்டு மெத்தென்றாகிவிடும். தாழ்வாக வரும் மட்டை பந்துக்கு அரை அங்குலம் முன்பே தொட்டாலும் அதில் மாட்டிக்கொள்ளும். ஈரமான நாள்களில் இந்தக் கவனம் இருமடங்கு வேண்டும்.

தோட்டத்து மைதானம் என்றால் மேடு பள்ளத்துக்குக் குறைவிருக்காது. பந்து உங்கள் பாதத்தைவிட உயரத்தில் இருக்கும் சரிவு உங்கள் ஸ்விங்குக்கு மிகவும் ஏற்றது; பந்து சற்று இடப்பக்கம் போகும் என்பதால் இலக்குக்கு வலப்பக்கம் குறிவையுங்கள். உடலைச் சுழற்றிப் பழகுவதற்கும் அந்தச் சரிவே சிறந்த இடம். பந்து பாதத்துக்குக் கீழே இருக்கும்போது முழு வீச்சு வேண்டாம். நன்றாகக் குனிந்து, முக்கால் வீச்சில் ஃபேர்வேக்கு (புல் கட்டையாக வெட்டிய ஆடுவழிக்கு) திரும்புங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, உயரம் குறைவு. உயரம் குறைந்தவர்கள் ஃபிளாட்டாகத்தான் ஆட வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, தாப்பா

பதில்: அப்படி ஒரு விதி இல்லை அம்மா. 2012இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பையும் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்தையும் வென்ற அமெரிக்க ஆட்டக்காரர் மாட் கூச்சரின் உயரம் 6 அடி 4 அங்குலம். அவருடைய ஸ்விங்கோ மிகவும் ஃபிளாட்டானது. உங்கள் மகள் யாருடைய மட்டையில் பழகுகிறார் என்று முதலில் பாருங்கள். பெரியவர்களின் நீளமான, கனமான மட்டையைக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் தள்ளி நின்று, தூக்க முடியாமல் சுற்றித்தான் வீசும். அதைப் பிள்ளையின் இயல்பு என்று நாம் தவறாக எண்ணிவிடுகிறோம். அவர் உயரத்துக்கு ஏற்ற இலேசான மட்டையை வாங்கிக் கொடுங்கள். அதன் பிறகும் ஸ்விங் தாழ்வாகவே இருந்து, பந்தும் நேராகப் போனால், யாரும் அதில் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.