எம்.பி. நினைத்தால் ராணுவ ஆர்டர் வருமா?

கே: 'ஜெயித்தால் சேலத்துக்கு ராணுவ ஆர்டர் வாங்கித் தருவேன்' என்று ஓட்டுக் கேட்கிறார்கள். எம்.பி.யால் முடியுமா?
– லேத் பட்டறைக்காரர், அம்மாப்பேட்டை, சேலம்

ப: முடியாது. முப்படைகள் கேட்பதைப் பாதுகாப்பு அமைச்சர் தலைமையிலான கொள்முதல் கவுன்சில் 'தேவைதான்' என்று ஏற்கும். பிறகு டெண்டர், களச் சோதனை, விலைப் பேச்சு. தொகை பெரிதானால் பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக் குழுவுக்குப் போகும். இதில் எங்குமே சாதாரண எம்.பி.க்கு இடமில்லை. பட்ஜெட்டிலும் அப்படித்தான்: அரசியல் சட்டப் பிரிவு 113-ன்படி மக்களவை மானியக் கோரிக்கையை (அமைச்சகம் கேட்கும் செலவுத் தொகையை) ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், ஒரு ரூபாய்கூடக் கூட்ட முடியாது.

எம்.பி.க்குக் கொஞ்சம் பிடி இருப்பது, 31 எம்.பி.க்கள் கொண்ட நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவில்தான். அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். 2018-ல் ராணுவத் துணைத் தளபதி, தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை என்று ஒப்புக்கொண்டது இந்தக் குழுவிடம்தான். பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏற்றே ஆகவேண்டும் என்பதில்லை. அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடக் கூடாது என்பதால், உங்கள் பட்டறை டெண்டர் அங்கே போகவே போகாது.

கே: அமெரிக்காவில் மட்டும் எப்படி நடக்கிறது?
– வாசகி, ஏற்காடு

ப: அங்கே காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) பணத்தைக் கூட்டலாம். 2012-ல் 'ஆப்ராம்ஸ் டாங்கி இப்போதைக்குப் போதும்' என்றது ராணுவத் தலைமை. ஓஹியோ மாநிலத்தில் அந்த டாங்கியைச் செய்யும் லைமா ஆலை ஓடவேண்டும் என்று உறுப்பினர்கள் பணம் ஒதுக்கினார்கள். கேட்காத டாங்கி வந்து சேர்ந்தது!

கே: அப்படியானால் எங்கள் எம்.பி.யிடம் என்னதான் கேட்பது?
– சிறுதொழில் நடத்துபவர், ஓமலூர்

ப: சிபாரிசுக் கடிதம் வேண்டாம், டெண்டரில் அதற்கு மார்க் கிடையாது. நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி போடச் சொல்லுங்கள். 15 முழு நாள் முன்னதாக நோட்டீஸ் தரவேண்டும். 'சேலம் வளர என்ன திட்டம்?' என்று கேட்டால் 2019-ல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் (ராணுவத் தளவாட உற்பத்தியை வளர்க்கும் திட்டம்) பெருமையே பதிலாக வரும். சேலம் அதன் ஐந்து மையங்களில் ஒன்று என்பது உங்களுக்கே தெரியும். மையவாரியாக, ஆண்டுவாரியாக, சிறுதொழில்களுக்குக் கொடுத்த ஆர்டர் எத்தனை, மதிப்பு எவ்வளவு என்று (அ), (ஆ) பிரித்துக் கேட்கவேண்டும். 'தகவல் திரட்டப்படுகிறது' என்று நழுவினால், அதுவே அரசின் உறுதிமொழியாகக் கணக்கு. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதற்கென்றே தனிக் குழு கண்காணிக்கிறது.

அதுவரை சும்மா இருக்கவேண்டாம். பாதுகாப்பு அமைச்சகத்தின் 'ஸ்ரீஜன்' தளத்தில், இறக்குமதியாகும் உதிரிபாகங்களின் பட்டியல் இருக்கிறது. உங்கள் லேத்தில் முடிகிறதைப் பார்த்து, செய்ய விருப்பம் என்று பதிவுசெய்யுங்கள். அதற்கு எம்.பி. தேவையில்லை.